வடக்குச் சுவரில் ஏறும் வெயில்

ஒளிப்படம் கற்றுத்தரும் எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதல் அத்தியாயங்களிலேயே 'பொன்னொளி நேரம்' வந்துவிடும். சூரியன் எழுந்த பின் ஒரு மணி நேரம், விழுவதற்கு முன் ஒரு மணி நேரம். பூவோ இலையோ, எடுப்பதை அப்போது எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் கேமராவை உறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள் என்பார்கள். அறிவுரையைக் குறை சொல்ல முடியாது. அது எழுதப்பட்ட ஊர்தான் வேறு. லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைந்த பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு வெளியே வெளிச்சம் மிச்சமிருக்கும். அடிவானத்தை ஒட்டிச் சரிந்து சரிந்து இறங்குகிற சூரியன் அங்கே. திண்டுக்கல்லில் அது கயிறு அறுந்த வாளிபோல நேராக இறங்கும். மறைந்து 22 நிமிடம் ஆயிற்றென்றால் விளக்கைப் போட்டாக வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கொஞ்ச நேரமும் கிடையாது. கிழக்கே ஒரு மாடி வீடு, மேற்கே ஒரு மாடி வீடு, நடுவில் நாங்கள். பெரும்பாலான மாதங்களில் வெயில் எங்கள் மண்ணைத் தொடும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். மாலையிலும் நாலரைக்கெல்லாம் கிளம்பிவிடும். பொன்னையெல்லாம் பக்கத்து மாடிகள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற வெள்ளை வெயில்தான் எங்கள் பங்கு. ஊருக்குள் இருக்கும் வீட்டுத் தோட்டங்களில் பலவற்றின் கதையும் இதுதான். ஆகவே உச்சி வெயிலோடு சமாதானம் செய்துகொள்ளாமல் நம் வீட்டுத் தோட்டத்தைப் படம் எடுக்க முடியாது என்பது என் கட்சி. அதற்குக் கடிகாரத்தைவிட நாட்காட்டிதான் அதிகம் உதவுகிறது.

தோட்டம் என்றதும் யாரும் புல்வெளியையும் நீரூற்றையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீடு தெற்குப் பார்த்தது. வாஸ்துக்காரர்கள் முகம் சுளிக்கும் திசை. அதனாலேயே அப்பாவுக்கு மனை சற்று மலிவாகக் கிடைத்தது. வாசலில் துளசி, நந்தியாவட்டை, இரண்டு செம்பருத்தி. மற்றதெல்லாம் பின்னால், வடக்கே. துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் வழியில் வாழை. அடுக்களைக் கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி கறிவேப்பிலை. கொல்லை மூலையில் முருங்கை. அதை வாசலில் வைக்கக் கூடாது என்பது பாட்டி காலத்துச் சட்டம். நடுவில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல். பருவத்துக்கு ஏற்றபடி அதில் அவரையோ புடலையோ பீர்க்கோ சுரையோ ஏறும். வீட்டின் பின்சுவரை ஒட்டிய குறுகலான நிழலில் வெற்றிலைக் கொடி. வேலிப் பக்கம் பவழமல்லி. அழகு பார்த்து யாரும் இதை அமைக்கவில்லை. தண்ணீர் ஓடிய வழியும் கை எட்டிய தூரமும் சேர்ந்து அமைத்தவை. நிலக்காட்சி என்ற சொல்லை மலைக்கும் வயலுக்கும் மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். இரண்டு சென்ட் கொல்லைக்கும் அது பொருந்தும். மேடு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, ஒரு வாய்க்கால் இருக்கிறது, காடு என்று சொல்லத்தக்க ஒரு மூலையும் இருக்கிறது.

இந்த நிலத்தின் மேல் சூரியன் நடக்கும் பாதைதான் விஷயம். திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகையைச் சற்றே தாண்டி இருக்கிறது. சூரியனோ வடக்கே இருபத்துமூன்றரைப் பாகை வரை போய்த் திரும்புகிறது. அதாவது ஆண்டுக்கு இருமுறை நம் தலையைத் தாண்டிப் போகிறது, வருகிறது. எங்கள் ஊருக்கு அந்த நாட்கள் ஏப்ரல் 17, ஆகஸ்ட் 26 ஆகியவற்றை ஒட்டி வரும். சித்திரை பிறந்த நாலைந்து நாளில் ஒன்று, ஆவணி பத்துத் தேதிவாக்கில் மற்றொன்று. அன்று உச்சிவேளையில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. உச்சிவேளை என்பதைக் கடிகாரத்தின் பன்னிரண்டு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். இந்தியாவின் நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. நாங்கள் அதற்கு மேற்கே 78 அருகில் இருப்பதால் சூரியன் எங்கள் தலைக்கு வர 12.18 ஆகிவிடும்.

அந்த நேரத்தில் மொட்டைமாடியில் ஏறி நின்று கொல்லையைக் கீழ்நோக்கி எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மரமும் தன் நிழலின் மேலேயே நிற்கும். வாழையின் நிழல் வாழையைவிட்டு ஒரு சாண் நகர்ந்திருக்காது. வாளி, தூண், துணிக்கொடிக் கம்பம் எல்லாவற்றுக்கும் பக்கவாட்டு நிழல் வெட்டப்பட்டு, தோட்டம் தன்னுடைய வரைபடம்போலத் தெரியும். கையேடுகள் தூங்கச் சொல்லும் நேரத்தில் கிடைக்கும் படம் அது. ஐம்பது பாகைக்கு வடக்கே இருப்பவர் எவருக்கும் ஆயுளுக்கும் கிடைக்காது.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே நாலு மாதத்துக்கு மேல் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வடக்குச் சுவர் எப்போதும் நிழல், அங்கே நிழல் செடிகளை வையுங்கள் என்று சொல்லும் ஆங்கிலத் தோட்டப் புத்தகத்தை நம்பி வைத்தால் வைகாசியில் பெரணி கருகிவிடும். டிசம்பரில் எங்கள் வீட்டின் நிழல் அதன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்குக் கொல்லைக்குள் விழுந்து கிடக்கும். ஜூனில் நிழல் தெற்கே வாசல் பக்கம் போய்விடும். பின்சுவரில் வெயில் ஏறும். அம்மா சித்திரை வந்ததும் வெற்றிலைத் தொட்டியை இழுத்துப் பந்தலுக்குக் கீழே வைப்பார். ஆவணி தாண்டியதும் மறுபடி சுவரோரம் போகும். உத்தராயணம், தட்சிணாயணம் என்று பஞ்சாங்கத்தில் படிப்பதை அவர் ஒரு தொட்டியை நகர்த்திக் காட்டுகிறார்.

ஒளிப்படக்காரனுக்கு இந்த வடக்குச் சுவர் ஒரு வரம். உச்சிக்குச் சற்றே வடக்கே நிற்கும் ஜூன் மாதச் சூரியன் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது. சுண்ணாம்பு அடித்த சுவரின் ஒவ்வொரு சொரசொரப்புக்கும் நீண்ட நிழல் விழும். சுவரில் பதித்த குழாய், ஆணி, பல்லி, காய்ந்துபோன கொடியின் பிடி எல்லாம் புடைத்துத் தெரியும். கோயில் சிற்பங்களைக் காட்டப் பக்கவாட்டு ஒளி வேண்டும் என்பார்கள். இங்கே அந்தப் பக்கவாட்டு ஒளி மேலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே தொல்லை காற்று. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எதையும் அசையாமல் விடாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில் முருங்கைப் பூவுக்கு என்ன கதி? நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் குறைவான ஷட்டர் வேகத்தில் எல்லாம் குழைந்துவிடும். மேகம் மட்டும் வந்து மழை வராத நாட்கள் வேறு. சிலர் அந்த மேகமூட்டத்தை மென்மையான ஒளி என்று கொண்டாடுவார்கள். எனக்கு அது சலிப்பு. நிழலே இல்லாத தோட்டத்தில் இலைக்கும் மண்ணுக்கும் சண்டை இல்லை. சண்டை இல்லாத படத்தை எதற்குப் பார்ப்பது?

நண்பகல் வெயிலில் சிக்கல் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியும் வீச்சு கேமராவுக்குத் தெரியாது. திறந்த வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளி கொட்டும்போது, பந்தலுக்கடியில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நம் கண் இரண்டுக்கும் மாறி மாறிப் பழகிக்கொள்கிறது. கேமரா ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடுகிறது. இப்போதைய கைப்பேசிகள் ஒரே அழுத்தில் பல படங்களை எடுத்து, நிழலைத் தூக்கி, வெயிலை இறக்கி, ஒன்றாகச் சேர்த்துத் தருகின்றன. எல்லாம் தெரிகிறது, எதுவும் ஆழமாக இல்லை. நிழலைத் தூக்கிவிட்ட பிறகு அது நிழலா? கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு என் முதல் யோசனை, திரையில் வெயில் பட்ட இலையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுப்பது. வெயில் பட்ட இடம் தன் நிறத்தோடு நிற்கும் வரை இழுக்க வேண்டும். மற்றது இருண்டால் இருளட்டும். நம் கொல்லைகள் நண்பகலில் இருட்டாகத்தான் இருக்கின்றன. அந்த இருட்டுக்காகத்தான் மரமே வைத்தோம்.

வெளிறிப்போகும் வானம் இன்றைய தொல்லை அன்று. 1858 இல் மதராஸ் அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக மதுரையிலும் தஞ்சாவூரிலும் கோயில்களைப் பதிவு செய்த லின்னேயஸ் ட்ரைப் காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அந்தக் காலத்து ரசாயனப் பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசியும். கோபுரம் சரியாக வந்தால் வானம் வெறுமையாகிவிடும். மனிதர் சளைக்கவில்லை, நெகட்டிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரைந்துவிட்டார். இன்று ஒரு பொத்தானில் வானத்தை மாற்றித் தரும் செயலிகளைத் திட்டுகிறவர்கள் ட்ரைப்பின் மேகங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டலாம். என் வழி சோம்பேறி வழி. நண்பகலில் வானத்தைச் சட்டத்துக்குள் விடுவதே இல்லை. வானம் இல்லாமல் எடுக்க நம் தோட்டத்தில் எவ்வளவோ இருக்கிறது.

பந்தலுக்கடியில் போய் அண்ணாந்து பார்த்தால் போதும். இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உண்டு பச்சையை மட்டும் கீழே விடுகின்றன. அந்தப் பச்சை உங்கள் சட்டையிலும் தோலிலும் படியும். பந்தலடியில் எடுத்த குழந்தை முகங்கள் காமாலை வந்தவைபோல இருப்பதற்கு இதுதான் காரணம். வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமரா செய்யும் நிறத் திருத்தமான வெண்மைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் அது இன்னும் குழப்பும். முகத்தை வெளியே கொண்டுவந்து, வெயில் நேராகப் படாத திண்ணை ஓரத்தில், எதிரே வெள்ளை வேட்டி ஒன்று காயும் இடத்தில் நிறுத்தினால் பிரச்சினை தீரும். வேட்டி இலவசமான பிரதிபலிப்பான்.

வாழையிலையை நண்பகலில் மேலிருந்து எடுத்தால் வெள்ளைத் தகடுதான் கிடைக்கும். இலையின் மெழுகுப் பூச்சு வானத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறது. போலரைசர் வடிகட்டி ஒன்றைத் திருகினால் அந்த மினுக்கு அடங்கி உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும். ஆனால் அதற்குச் செலவு செய்வதற்கு முன், இலைக்கு அடியில் போய் நின்று பார்க்கலாம். சூரியன் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். நடு நரம்பிலிருந்து பிரிகிற ஒவ்வொரு கோடும், மேலே உட்கார்ந்திருக்கும் தும்பியின் கால்களும், நேற்றைய காற்று கிழித்த கிழிசலும் தெரியும். நண்பகலைத் தவிர வேறு எந்த நேரத்திலும் எங்கள் கொல்லையில் இந்தப் படம் கிடைக்காது.

செம்பருத்தி வேறு வகைச் சண்டைக்காரி. கேமராவின் உணரி ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கணக்கில் வாங்குகிறது. பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பூ இருந்தால், மொத்த வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா திருப்தியாக இருக்கும்போதே சிவப்புக் கணக்கு மட்டும் நிரம்பி வழிந்துவிடும். இதழின் மடிப்பு, நரம்பு, பட்டுப்போன்ற சுருக்கம் எல்லாம் போய் ஒரு சிவப்புத் திட்டு மிஞ்சும். பூசணிப் பூவின் மஞ்சளுக்கும் ஏறக்குறைய இதே கதி. கேமரா தன் பங்குக்குத் திருத்தாமல் பதிவு செய்யும் ரா கோப்பாக, ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி எடுங்கள். அல்லது பூவுக்கு மட்டும் உங்கள் நிழலைக் கொடுங்கள்.

முருங்கையடிக்கு வருவோம். எனக்கு இந்தத் தோட்டத்தில் மிகப் பிடித்த இடம் அதன் கீழே உள்ள தரைதான். முருங்கையிலை சிறிது, இலைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளியும் ஓர் ஊசித்துளைக் கேமரா. இடைவெளி முக்கோணமாக இருந்தாலும் நட்சத்திரமாக இருந்தாலும் தரையில் விழும் ஒளிப்பொட்டு வட்டமாகவே இருக்கும். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் படம். துளையிலிருந்து தரை எவ்வளவு தூரமோ, அதில் ஏறத்தாழ 108 இல் ஒரு பங்கு அதன் குறுக்களவு. நாலு மீட்டர் உயரக் கிளையிலிருந்து விழும் பொட்டு நாலு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். காலையில் சூரியன் சாய்ந்திருப்பதால் பொட்டுகள் முட்டை வடிவில் நீண்டு கிடக்கும். ஏப்ரல் உச்சியில் நல்ல வட்டமாகிவிடும். கேமராவைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே முருங்கை படம் காட்டிக்கொண்டிருந்தது.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கு 2019 டிசம்பர் 26 ஐ நினைவுபடுத்துவேன். கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் கங்கண சூரிய கிரகணப் பாதை போனது. தெருவே கறுப்புக் கண்ணாடியோடு மொட்டைமாடியில் இருந்தது. கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது என்று அம்மா உள்ளே இருந்தார். நான் முருங்கைக்கடியில் குனிந்துகொண்டிருந்தேன். முதலில் ஒவ்வொரு பொட்டிலும் ஒரு கடி. பிறகு தரையெங்கும் பிறைகள். ஒன்பதரையை ஒட்டி அத்தனையும் வளையங்களாயின. துவைக்கிற கல்லில், வாளியின் விளிம்பில், உதிர்ந்த முருங்கைப் பூவின் மேல், என் புறங்கையில் எல்லாம் வளையங்கள். வெளிச்சமும் விசித்திரமாக இருந்தது: நிழல்களின் ஓரம் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கியும். ஜன்னல் வழியாக அம்மா, "அங்கே மேலே பார்க்காமல் மண்ணை ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டார். கைப்பேசியை ஜன்னல் கம்பிக்குள் நீட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "குளித்துவிட்டு உள்ளே வா" என்றார்.

பூக்களின் கடிகாரம் தனி. பவழமல்லி இரவில் மலர்ந்து விடியும்போது உதிர்ந்துவிடும். வெயிலே அதைப் பார்ப்பதில்லை. கவிழ்த்த வாளியின் மேல் கேமராவை வைத்து, நீண்ட ஷட்டரில், சூரியன் வருமுன் எடுத்தால் ஆரஞ்சுக் காம்பு தனியாக எரியும். பூசணிப் பூ அதிகாலையில் திறந்து பத்து மணிக்கெல்லாம் மூடத் தொடங்கும். எட்டு மணி வெயில் எங்கள் மண்ணுக்கு வருவதும் அதுவும் சற்று நேரம் சந்தித்துக்கொள்கின்றன. பீர்க்கும் சுரையும் நேர்மாறு. மாலையில்தான் திறக்கும். நான் குறையாகச் சொன்ன அந்த 22 நிமிட அந்தியில் பந்தலின் மேல் சுரைப்பூவின் வெள்ளை மட்டும் மிச்சமிருக்கும். அதைத் தேடி விட்டில்கள் வரும். வானத்தின் நீலம் மொத்தமும் அந்த வெள்ளையில் படிவதால் வெண்மைச் சமநிலையைத் திருத்தாமல் விடுவது நல்லது.

மல்லிகையைச் செடியில் மலர்ந்த நிலையில் எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. எந்தத் தமிழ் வீட்டில் இருக்கும்? மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுவார்கள். அது தலையில் மலர வேண்டியது, செடியில் அல்ல. வீட்டுத் தோட்டத்தை ஒளிப்படம் எடுப்பவன் அதன் சமையலோடும் பூஜையோடும் போட்டி போடுகிறான், தோற்பதுதான் நியாயம். நான் ஒளி வரக் காத்திருக்கும் புடலை குழம்புக்குப் போய்விடும். பழுத்த வாழையிலை ஒன்று அழகாகத் தொங்கும். அம்மா அதை அறுத்து அடியில் போட்டுவிடுவார், உரத்துக்கு. மலர்க் கண்காட்சியில் எடுத்த படங்களில் எனக்கு ஈடுபாடு இல்லாததற்கும் இதுவே காரணம். அங்கே யாரும் எதையும் பறிப்பதில்லை.

மேற்கு வீட்டு அண்ணன் மாடி எடுத்தபோது என் மாலை வெயில் போனது. அதற்கு நான் முணுமுணுத்தது உண்மை. கட்டி முடித்து அந்த மாடிச் சுவருக்கு அடர்ந்த ரோஸ் வண்ணம் அடித்தார். அதன் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. காலை ஆறரை மணி வெயில் எங்கள் மண்ணுக்கு வருவதற்கு முன்பே அவருடைய உயரமான சுவரில் படுகிறது. சுவர் அதை வாங்கி எங்கள் கொல்லைக்குள் பரப்புகிறது. இருபதடி உயரப் பிரதிபலிப்பானை எந்த ஸ்டூடியோவும் எனக்கு வாங்கித் தராது. எட்டு மணி வரை கொல்லையில் நிழலும் இல்லாத, இருட்டும் இல்லாத மெல்லிய வெளிச்சம். என்ன, எல்லாவற்றிலும் ரோஸ் ஏறியிருக்கும். பவழமல்லி ரோஸ், வெள்ளைப் பூனை ரோஸ், வாசல் பக்கத்திலிருந்து பெயர்த்துப் பின்னால் வைத்த நந்தியாவட்டை ஏதோ புதிய கலப்பினம்போல இருக்கும். கணினியில் திருத்தினால் பூ வெள்ளையாகி இலை நோயுற்றுவிடும்.

"அண்ணே, அடுத்த முறை வெள்ளை அடிக்கலாமே" என்று மதில் வழியாகக் கேட்டு வைத்தேன்.

"வெள்ளையா? ஒரே மழையில் பாசி ஏறிவிடும், தம்பி. உனக்குப் படம், எனக்குச் செலவு" என்றார்.

இந்தத் தீபாவளிக்கு மறுபடி வண்ணம் அடிக்கிறார்கள். மதினி இளநீலம் என்று முடிவு செய்துவிட்டாராம். மாதிரிக்கு ஒரு ஓரத்தில் அடித்தும் பார்த்தாயிற்று. நீலச் சுவரிலிருந்து வரும் ஒளியில் கனகாம்பரத்தின் ஆரஞ்சு செத்துவிடும், சங்குப்பூ தேறும். விதை வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் அம்மா அந்த இடத்தைக் கத்தரிக்கு என்று ஏற்கெனவே கொத்திவிட்டார்.